நீல ஓட்டைக்கு மேல் ஒரு பொட்டு

ஜூன் 10, திங்கள்

மழை இறங்கிவிட்டது. வால்பாறையில் உட்கார்ந்துகொண்டு இதை ஒரு செய்தி என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆனாலும் எழுதுகிறேன். காலையில் ஆபீஸ் கதவைத் திறந்ததும் எனக்கு முன்னால் மேகம் உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் திரையைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.

இந்த டைரி உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. சும்மா கிடந்தது. இனி எழுதலாம் என்று தோன்றியதற்குக் காரணம், ஜூலை முழுக்க எனக்குப் பரீட்சை. மேற்குச் சரிவில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே செவ்வாயும் வெள்ளியும் கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் வீடியோவில் நோயாளிகளைப் பார்க்கப் போகிறார். அதற்கு இன்டர்நெட் தருவது என்னுடைய 'தூவானம் நெட்'. அங்கே பொறுப்பிலிருக்கும் சிஸ்டர் ஃபிடேலியா ஒரு மாதம் பார்ப்பாராம். நன்றாக ஓடினால் நம் லைன்தான். நின்று நின்று வந்தால் பெரிய கம்பெனிக்கு மாறிவிடுவாராம். ஆஸ்பத்திரி போனால் அந்தச் சரிவு முழுக்கப் பின்னாலேயே போகும். அப்புறம் 'தூவானம் நெட்' போர்டைக் கழற்றிவிட்டு நான் பொள்ளாச்சியில் தம்பி வீட்டு மாடி அறைக்குப் போக வேண்டியதுதான். அறைக்குச் சுண்ணாம்பு அடித்துத் தயாராக வைத்திருக்கிறானாம். நல்ல மனசுதான். ஆனால் அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் வந்து முகத்தில் இடிக்கும்.

நாற்பத்தொரு வயதில், கல்யாணம் ஆகி அதுவும் முடிந்துபோன பிறகு, என் பெயரில் இருப்பது மூன்று டவரும் இந்த மேகமும்தான். அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஜூன் 14, வெள்ளி

மதியம் சாப்பாட்டில் கை வைத்த நேரத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. மேற்குச் சரிவில் ஒரு வீட்டிலும் நெட் இல்லை. டவரில் கோளாறில்லை, சிக்னலும் அருமை. பிறகென்ன என்று மோசஸ் அண்ணனும் நானும் திரையையே முறைத்துக்கொண்டிருந்தோம். மோசஸ் அண்ணன் டவர் ஏறுபவர். நான் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து கூட இருக்கிறார். வேலை குறைவு, கேலி அதிகம்.

கடைசியில் பிடித்தேன். ஒரு வீட்டு ரூட்டர் பண்ணிய வேலை.

கூரையிலிருக்கும் டிஷ்ஷிலிருந்து கேபிள் வீட்டுக்குள் வந்து ரூட்டர் பெட்டியில் சேரும். பெட்டிக்குப் பின்னால் நீல ஓட்டை ஒன்று, மஞ்சள் ஓட்டை நான்கு. கேபிளை நீலத்தில் சொருகினால் பெட்டி நம் ஆபீஸைப் பார்த்து, "என் விலாசம் என்ன?" என்று அடக்கமாகக் கேட்கும். நாம் கொடுப்போம். மஞ்சளில் சொருகிவிட்டால் குணம் தலைகீழாக மாறிவிடும். கேட்பதை விட்டுவிட்டு, கொடுக்க ஆரம்பித்துவிடும். சரிவிலுள்ள மற்ற வீடுகள் விலாசம் கேட்கும்போதெல்லாம் நமக்கு முன்னால் முந்திக்கொண்டு பதில் சொல்லும். பாவம், அவையும் நம்பிவிடும். அப்புறம் எல்லா வீடும் வெளியுலகத்துக்குப் போவதாக நினைத்துக்கொண்டு அந்த ஒரு வீட்டில் போய் நின்றுகொண்டிருக்கும்.

யார் வீடு என்று தேடினால், டீ ஃபேக்டரியில் ருசி பார்த்துத் தரம் சொல்லும் டேஸ்டராக இருக்கும் வேதமணி சார். புது வாடிக்கையாளர். "சரிவே அவர் வீட்டு வாசல்ல நிக்குது தங்கச்சி, போய்க் கூட்டிட்டு வா," என்றார் மோசஸ் அண்ணன்.

போனேன். ஐம்பது வயதிருக்கும். ஒட்டடை அடிக்கும்போது கேபிள் கழன்றுவிட்டதாம், கிடைத்த ஓட்டையில் சொருகினாராம். முகம் அப்படி வாடிப்போயிருந்தது. உங்களால் நாற்பது வீடு நின்றுவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் வீட்டு லைன் மட்டும்தான் போயிருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்றேன். கேபிளை நீலத்துக்கு மாற்றினேன். டீ கொடுத்தார். கைப்பிடி இல்லாத வெள்ளைக் கிண்ணத்தில். நன்றாக இருந்தது.

ஜூன் 15, சனி

விடிகாலையில் ஒரு கனவு. மேற்குச் சரிவில் எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் அதே முன்னறை, அதே வெள்ளைக் கிண்ணம். ஜனங்கள் குடையை மடக்கியபடி வந்துகொண்டே இருக்கிறார்கள். யாரும் யாரையும் என்னவென்று கேட்கவில்லை. எனக்கு உட்கார இடம் இருந்தது. எழுந்தபோது போர்வை நனைந்திருந்தது. ஜன்னலைச் சாத்தாமல் தூங்கியிருக்கிறேன், மடச்சி.

ஜூன் 21, வெள்ளி

மறுபடியும் மேற்குச் சரிவு, அதே வீடு. வேலைக்கு வரும் பெண் துடைக்கும்போது கேபிளை இழுத்துவிட்டாளாம்.

மூடுபனியில் பாதை தெரியவில்லை. தேயிலைக்கு நடுவே இருக்கும் சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக வந்து முகம் காட்டிவிட்டுப் போயின. ஏதோ ஒரு மரத்தில் இருவாச்சியின் சிறகுச் சத்தம் கேட்டது, பறவையைக் காணோம். நடந்தேனா மிதந்தேனா என்று தெரியவில்லை. காலில் மூன்று அட்டை கடித்திருந்ததால் நடந்துதான் போயிருக்கிறேன்.

இனிமேல் தப்பு நடக்காமலிருக்க நீல ஓட்டைக்கு அடையாளம் வைக்கலாம் என்று பையில் தேடினேன். பேனா, டேப் ஒன்றும் இல்லை. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நீல ஓட்டைக்கு மேல் ஒட்டினேன். பொட்டுக்கு நேராகச் சொருகுங்கள் சார், தப்பே வராது என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்.

இந்தத் தடவை வேறு டீ. மழைக்கால இலையில் சாரம் இருக்காது, சப்பென்று இருக்கும், இது மார்ச் மாத இலை, எடுத்து வைத்திருந்தேன் என்றார். மனைவி இறந்து ஆறு வருடமாகிறதாம். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பேசாமலிருப்பது அந்த வீட்டில் கஷ்டமாக இல்லை.

வேலையைப் பற்றிக் கேட்டபோதுதான் இதைச் சொன்னார்.

"தினம் எண்பது கப் வாயில வச்சுத் துப்புறேன் மேடம். முழுங்குறது கிடையாது. வீட்டுக்கு வந்தா டீயைப் பாக்கவே பிடிக்காது. குடிக்கிறது நீங்க வர்ற அன்னைக்கு மட்டும்தான்."

தொழில் அப்படி. பாவம்.

ஜூன் 24, திங்கள்

காலையில் மூன்று ரசீது, ஒரு குரங்குப் புகார். கிழக்கு டவரின் கேபிளை சிங்கவால் குரங்கு உரித்துவிட்டது. மோசஸ் அண்ணன் போய்க் கட்டிவிட்டு வந்தார்.

வந்தவர் சும்மா இருக்காமல், ஒவ்வொரு டிஷ்ஷிலும் தடுப்பு போட்டுவிட்டால் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியாததில்லை. வாடிக்கையாளர் வீட்டிலிருந்து 'நான் விலாசம் தருகிறேன்' என்று எந்தப் பதில் வெளியே வந்தாலும், அதை அந்த வீட்டு டிஷ்ஷே அமுக்கிவிடும். இரண்டு வரி கட்டளை. இங்கிருந்தபடியே போடலாம். அதன் பிறகு யார் எந்த ஓட்டையில் சொருகினாலும் அவர் வீடு மட்டும்தான் நிற்கும், பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

மழை விடட்டும் என்றேன். இந்த ஈரத்தில் கட்டளை போட்டு ஏதாவது டிஷ் வேலை செய்யாமல் உறைந்துபோனால் யார் கூரை ஏறுவது? நியாயமான காரணம்தான்.

"மழை விடட்டும்," என்று மோசஸ் அண்ணனும் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே பார்த்தார். இங்கே மழை விடுவது அக்டோபரில்.

ஜூன் 27, வியாழன்

மேற்குச் சரிவிலிருந்து புகார் எதுவும் இல்லை. நல்லதுதான்.

ஜூலை 2, செவ்வாய்

பரீட்சையின் முதல் நாள். ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்துகொண்டேன். கோயம்புத்தூர் டாக்டர் திரையில் பளிச்சென்று வந்தார். தேயிலை பறிக்கும் ஒரு அக்கா முட்டி வீங்கி வந்திருந்தார். இந்தப் பெட்டிக்குள்ளிருந்து தொட்டுப் பார்ப்பாரா என்று கேட்டார். டாக்டர் சிரித்தது அங்கே எல்லோருக்கும் கேட்டது. படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சிஸ்டர் ஃபிடேலியா பாராட்டுகிறவரில்லை, ஆனால் பன் ஒன்று கொடுத்தார்.

திரும்பும்போது வேதமணி சார் வீட்டு வழியாக வந்தேன். அது சுற்று வழி. கதவு சாத்தியிருந்தது, ஃபேக்டரி நேரம். அந்த வழியில் அட்டை அதிகம்.

ஜூலை 9, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மதியம் மூன்று மணிக்கு மேற்குச் சரிவு மொத்தமும் நின்றது. ஆஸ்பத்திரியில் அந்த நேரம் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து ஒரு பெண் தன் கைக்குழந்தையோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூச்சு இழுக்கும்போது குழந்தையின் நெஞ்சுக்குழி உள்ளே போகிறதா என்று பார்க்கச் சட்டையைத் தூக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தூக்கியிருக்கிறார்கள். படம் போய்விட்டது. மழையில் அங்கே செல்போன் சிக்னலும் கிடையாது. சிஸ்டர் காத்திருக்கவில்லை. ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பிவிட்டார், நாற்பது கொண்டை ஊசி வளைவும் மழையில். சாயங்காலம் செய்தி வந்தது. குழந்தை பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் இருக்கிறது, நன்றாக இருக்கிறது. அது வரைக்கும் என் உயிர் என்னிடம் இல்லை.

சிஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இன்னும் ஒரு தடவை இப்படி நடந்தால் வேறு லைன், இதில் பேச ஒன்றுமில்லை என்றார்.

எந்த வீடு என்று நான் தேடிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போனேன். கதவு திறந்திருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மேசையில் இரண்டு கிண்ணம் எடுத்து வைத்திருந்தது. அவர் எனக்கு இன்னும் போன்கூடச் செய்யவில்லை. ரூட்டரைத் திருப்பினேன். கேபிள் மஞ்சளில் இருந்தது. நீல ஓட்டைக்கு மேல் பொட்டு இல்லை. ஈரத்தில் பசை விட்டிருக்கும். அது எப்படியோ டீத்தூள் டின்னின் மூடியில் போய் ஒட்டியிருந்தது.

சொன்னேன். நின்றது உங்கள் வீடு மட்டுமில்லை சார், சரிவு முழுக்க, ஆஸ்பத்திரியும் சேர்த்து, ஒரு குழந்தையை ஜீப்பில் அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என் வீடு மட்டும்தான் நிக்கும்னு நீங்க சொன்னீங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன். சங்கடப்படுவாரே என்று சொன்ன ஒரு வார்த்தை, எங்கே போய் நின்றிருக்கிறது பார்.

"முதல் தடவை தெரியாமப் பண்ணினேன். அப்புறம் ரெண்டு தடவையும் நானேதான் மாத்திச் சொருகினேன்," என்றார்.

"போன் பண்ணியிருக்கலாமே சார்."

"என்னன்னு சொல்லிக் கூப்பிடுறது?"

கேபிளை நீலத்தில் சொருகிவிட்டு வெளியே வந்தேன். டீ குடிக்கவில்லை. வழியெல்லாம் அழுதேன், கோபத்தில்தான். அவர் மேல் என்று நினைத்துக்கொண்டு பாதி தூரம் வந்தேன். மீதித் தூரம் அப்படி நினைக்க முடியவில்லை.

ஜூலை 10, புதன்

மழை விடவில்லை. தடுப்பு போட்டேன்.

காலையில் தொடங்கி ஒவ்வொரு டிஷ்ஷாக. ஒன்றுகூட உறையவில்லை, ஒரு கூரையும் ஏற வேண்டியிருக்கவில்லை. மோசஸ் அண்ணன் போண்டா வாங்கிவந்து பக்கத்தில் வைத்தார். வேதமணி சார் வீட்டு டிஷ்ஷுக்கு வந்தபோது எழுந்து போய்க் கை கழுவினேன். ஜன்னலருகில் கொஞ்சம் நின்றேன். திரும்பி வந்து அதற்கும் போட்டேன்.

இப்போது ஒவ்வொரு டிஷ்ஷின் பெயருக்கும் எதிரே ஒரு கட்டம் தெரிகிறது. அந்த வீட்டிலிருந்து கிளம்பி, தடுப்பில் மோதி நின்றுபோன பதில்கள் எத்தனை என்று அது காட்டும். எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். நாம் உலகத்தை ஒழுங்குபடுத்திவிட்டால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

தடுப்பு போட்டிருப்பதை எல்லா வாடிக்கையாளருக்கும் போனில் சொல்வது என் கடமை. வேதமணி சாரிலிருந்து தொடங்கினேன். இனிமேல் நீங்கள் எந்த ஓட்டையில் சொருகினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது, உங்கள் வீடு மட்டும்தான் நிற்கும், இந்தத் தடவை நிஜமாகவே என்றேன். அவர், அந்தக் குழந்தையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், சிரிக்கிறது என்றார். சரி என்றேன். வைத்துவிட்டார்.

மற்ற வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல இன்றைக்கு நேரமில்லை.

ஜூலை 19, வெள்ளி

டாக்டர் வந்தார், போனார். படம் நிற்கவில்லை. புகாரே இல்லை.

இரண்டு வீட்டில் கேபிளை மாற்றிச் சொருகியிருந்தார்கள். கட்டத்தில் எண் ஏறியது. பக்கத்து வீடுகளுக்குத் தெரியவே தெரியாது. மோசஸ் அண்ணன் போய்ச் சரிசெய்தார்.

வேதமணி சார் வீட்டுக் கட்டம் இன்னும் பூஜ்யத்திலேயே நிற்கிறது. ஒழுங்கான மனிதர்.

ஜூலை 26, வெள்ளி

கனவே வருவதில்லை. தூக்கம் நன்றாக வருகிறது. கடையில் மார்ச் மாத இலை இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். டீத்தூளில் மாசமெல்லாம் கிடையாதுங்க என்றார்.

ஜூலை 31, புதன்

பாஸ். சிஸ்டர் ஃபிடேலியா இன்றைக்கு ஆபீஸுக்கே நேரில் வந்து சொன்னார். ஆஸ்பத்திரி நம் லைனில்தான் தொடரும். இரண்டு பன். அந்தக் குழந்தையும் ஊர் திரும்பிவிட்டதாம். தேயிலைக் கூடையில் உட்கார்ந்து வந்ததாம், பெயர் மெர்சி.

தம்பிக்குப் போன் செய்து மாடி அறையை வாடகைக்கு விட்டுக்கொள் என்றேன். அவனுக்கு வருத்தம். மோசஸ் அண்ணன் தூவானம் நெட் போர்டைத் துடைத்துப் பளபளவென்று வைத்தார். நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. சாயங்காலம் போர்டுக்குக் கீழே நின்று மேகம் வருவதைப் பார்த்தேன். ஏன் இப்படி நெஞ்சு காலியாக இருக்கிறது? சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லாமல் நின்றேன், அவ்வளவுதான். அந்த ஆள் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் மரம் விழுந்து சரிவு முழுக்கக் கரண்ட் போனது. மதியம் வந்தது. கரண்ட் வந்தால் எல்லா ரூட்டரும் ஒரே நேரத்தில் கண் விழிக்கும். ஒரே நேரத்தில், "என் விலாசம் என்ன? நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்கும். திரையில் அது தூறல் மாதிரி வந்து விழும். எனக்குப் பிடித்த காட்சி, அதனால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேதமணி சார் வீட்டுக் கட்டத்தில் ஒன்று என்று வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். நான்கு. பதினொன்று. அந்த வீட்டுப் பெட்டி, கேட்கிற ஒவ்வொருவருக்கும், இங்கே வா, இதுதான் உன் விலாசம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பதிலும் அவர் கூரையிலேயே மோதி நிற்கிறது. சரிவில் யாருக்கும் கேட்கவில்லை. போனும் அடிக்கவில்லை. இருபத்தாறு. முப்பது. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது இந்த மலையில் நான் ஒருத்திதான்.

குடையை எடுத்தேன்.

"கம்ப்ளைன்ட் வந்துச்சா தங்கச்சி?" என்றார் மோசஸ் அண்ணன்.

வரவில்லை என்றேன். அவர் டூல் பையை நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

மூடுபனியில் சில்வர் ஓக் மரங்கள் அதே மாதிரி ஒவ்வொன்றாக வந்து போயின. கதவு திறந்திருந்தது. அடுப்பில் தண்ணீர். இரண்டு கிண்ணம். பொட்டு டின் மூடியிலேயே இருந்தது. நான் ஒட்டிய இடம் அது இல்லையே என்றேன்.

"அங்கேயே இருந்தா தப்பாச் சொருக மனசு வரலை. அதான் எடுத்து வச்சேன்," என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்.

"ஆகலை. எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது."

தடுப்பை ஜூன் மாதமே போட்டிருக்கலாம், மழை ஒரு சாக்கு என்பதையும் சொல்லிவிட்டேன். இதுவரை இந்த டைரியில்கூட எழுதாததை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கெண்டியை இறக்கி மெதுவாக ஊற்றினார். குடித்தோம். இரண்டாவது கிண்ணமும் குடித்தோம். மேகம் உள்ளே வந்து கூடவே உட்கார்ந்துகொண்டது.

"தமயந்தி," என்றார். என் பெயர்தான், மேடத்தைக் காணோம். சும்மா கூப்பிட்டுப் பார்த்தார் போலிருக்கிறது.

கிளம்பும்போது ரூட்டரைத் திருப்பிப் பார்த்தேன். கேபிள் மஞ்சளில் இருந்தது. நீலத்துக்கு மாற்ற ஒரு நொடி போதும்.

மாற்றவில்லை. நாளைக்குப் போய்ச் சரிசெய்ய வேண்டும்.